குறிப்புக் கட்டத்தில் எழுதும் இரண்டு சொல்

மாவட்ட அளவிலான கால்பந்துத் தேர்வு முகாம்களில் தேர்வாளரிடம் தரப்படும் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, பள்ளி, ஆடும் இடம் ஆகியவை முதலில் வரும். அடுத்து வேகம், பந்துக் கட்டுப்பாடு, பாஸ், ஆட்ட அறிவு என்று மதிப்பெண் போடும் கட்டங்கள் இருக்கும். கடைசியில், இரண்டு விரல் அகலத்தில், 'குறிப்பு' என்று ஒரு கட்டம். கடலூர் அண்ணா விளையாட்டரங்கிலும் புதுச்சேரி உப்பளம் மைதானத்திலும் இந்தத் தாளோடு பல ஆண்டுகள் வெயிலில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பிள்ளை அணிக்குள் வருவதும் வெளியே போவதும் மதிப்பெண் கட்டங்களைவிட அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அதிகம் முடிவாகிறது. அங்கே எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டே சொற்கள்தாம். 'முட்டி அடி' அல்லது 'திமிர் பையன்'.

ஓர் இளம் ஆட்டக்காரரை மதிப்பிடும்போது உண்மையில் மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறோம். இவருக்கு ஆட்டம் தெரியுமா, இவருடைய உடல் தாங்குமா, இவரை நம்பி ஓர் இடத்தைக் கொடுக்கலாமா என்பவையே அவை. மூன்றுக்கும் சான்று வேறு, சான்றைத் தேடும் வழி வேறு, தவறு நேரும் விதமும் வேறு. புதிதாகத் தேர்வுக் குழுவில் உட்காரும் உடற்கல்வி ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டு ஒரே மதிப்பெண்ணாகப் போட்டுவிடுவதுதான். திமிர் பிடித்தவன் என்று கேள்விப்பட்ட பையன் தவறான பாஸ் ஒன்று கொடுத்தால் 'பார், அலட்சியம்' என்கிறோம். நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவன் அதே பாஸைக் கொடுத்தால் 'பதற்றம்' என்கிறோம். பாஸ் ஒன்றுதான். அதனால் ஆட்டத்துக்கான மதிப்பெண்ணை முதலில் போட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் பிறகே மற்ற இரண்டையும் விசாரிக்க வேண்டும் என்பது நான் வெகு தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒழுங்கு.

ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்றில் இதுதான் கண்ணுக்கு எளிதாகத் தெரிவது. பந்து காலில் இருக்கும்போது என்ன செய்கிறார் என்பதைவிட, பந்து வருவதற்கு முந்தைய இரண்டு நொடிகளில் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல நடுக்கள ஆட்டக்காரர் பாஸ் தன்னை நோக்கிக் கிளம்பும் முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்திருப்பார்; அதனால் பந்து வந்ததும் எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்கத் தேவையிருக்காது. முதல் தொடுகையில் பந்து எங்கே போகிறது, வழக்கமற்ற காலால் பாஸ் கொடுக்கத் தயங்குகிறாரா, பந்தை இழந்த அடுத்த நொடியில் ஓடுகிறாரா அல்லது இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா என்ற மூன்றையும் அரை மணி நேரம் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். பதின்மூன்று வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய இடைவெளி. உலகம் முழுவதும் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதற்கு இதுவே காரணம். முன்பே வளர்ந்துவிட்ட பையனின் உயரத்தைத் திறமை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஜேமி வார்டியை 16 வயதில் உருவம் சிறியது என்று ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் விட்டுவிட்டது. 2016-இல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்து பிரிமியர் லீக்கை வென்றபோது அந்த அணியின் முன்கள ஆட்டக்காரர் அவர். நம் பக்கத்தில் பிறந்த தேதி என்பதே சில வீடுகளில் பள்ளியில் சேர்க்கும்போது போட்ட தேதி என்பதால், வயதைப் பற்றிய சந்தேகம் தனிக் கதை. அதற்காகத்தான் மணிக்கட்டை எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ பார்த்து எலும்பின் வளர்ச்சியைக் கணிக்கும் சோதனைகள் வந்தன. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. பயன்படுகிறது.

காயத்துக்கு வருவோம். 'முட்டி அடி' என்று எழுதுவதில் உள்ள முதல் குறை, அது எதையும் சொல்லவில்லை என்பதே. காயம் என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் ஆறிப்போவது, திரும்பத் திரும்ப வருவது, வளர வளரத் தானாகப் போவது, அறுவைச் சிகிச்சை இல்லாமல் போகாதது என்று நான்கு வகையாவது அடங்கியிருக்கின்றன. பதின்வயதில் எலும்பு முறிந்து சரியாகக் கூடிவிட்டால், பெரும்பாலும் அது பழைய கதை. தொடையின் பின்தசை இழுத்துக்கொள்வது பார்வைக்குச் சிறியது, ஆனால் ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வருவதற்கான வாய்ப்பு அதிகம். முந்தைய காயமே அடுத்த காயத்துக்கான முதன்மையான அறிகுறி. பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள், வேகமாக உயரும் பிள்ளைகளுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே வலியோடு ஒரு புடைப்பு தோன்றும். தொடைத் தசை இழுக்கும் இடத்தில் எலும்பு இன்னும் முற்றாததால் வருவது அது. பயிற்சியின் அளவைக் குறைத்து, வளர்ச்சி முடியும்வரை பொறுத்தால் பெரும்பாலும் போய்விடும். பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய புடைப்போடு வந்த ஒரு பையனின் குறிப்புக் கட்டத்தில் 'முட்டி அடி' என்று எழுதியவன் நான்தான். அடுத்த ஆண்டு அவன் தேர்வுக்கு வரவில்லை. கைப்பந்துக்கு மாறிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

இனி ஜவ்வு. மைதானத்தில் 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்று யார் சொன்னாலும் எந்த ஜவ்வு என்று கேட்பது நல்லது, ஏனென்றால் முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நாரையும், எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பையும் நாம் இந்த ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். கால்பந்தில் அதிகம் அஞ்சப்படுவது ஏ.சி.எல். என்ற பிணைப்பு நார். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதோ தாவி ஒற்றைக்காலில் இறங்கும்போதோ அது அறுந்துவிடுகிறது. கால்பந்தாடும் பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு வரை அதிகம். இதைக் கடலூர்க்காரர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் பிறந்த ஊர் இது, இன்றும் இங்கே முகாமுக்கு வரும் பெண் பிள்ளைகள் அவரைச் சுட்டித்தான் பேசுகிறார்கள்.

அப்படி ஒரு முகாமுக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வலது ஓரத்தில் ஆடினாள். வேகமும் இருந்தது, எப்போது உள்ளே வெட்டி நுழைய வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் தலையால் முட்டத் தாவிய ஒவ்வொரு முறையும் இடது காலில் மட்டுமே இறங்கினாள். கூப்பிட்டு விசாரித்தபோது, மூன்று மாதத்துக்கு முன் பள்ளி ஆட்டத்தில் விழுந்ததாகவும், புத்தூர் கட்டு போட்டுச் சரியாகிவிட்டதாகவும் சொன்னாள். விழுந்தபோது ஏதாவது சத்தம் கேட்டதா என்றேன். "டக்குன்னு ஒண்ணு கேட்டுச்சு சார்." வீக்கம் எப்போது வந்தது என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் முட்டி பந்துபோல் ஆகிவிட்டதாம். இப்போது மாடிப்படி இறங்கினால்? "சில நேரம் முட்டி வெலகுற மாதிரி இருக்கும் சார், மத்தபடி வலியே இல்ல."

உள்ளே கேட்ட சத்தம், சில மணி நேரத்துக்குள் வந்த வீக்கம், பிறகு கால் விலகுவதுபோன்ற உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் ஏ.சி.எல். அறுந்திருக்கலாம் என்று சந்தேகிக்க மருத்துவராக இருக்கத் தேவையில்லை. உறுதிசெய்யத்தான் மருத்துவர் தேவை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்களின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் முற்றிலும் அறுந்த நார் கட்டினால் ஒட்டுவது அரிது, எக்ஸ்ரேயில் தெரிவதும் இல்லை. வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று குடும்பம் நம்பிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் நார் முழுவதுமாக அறுந்திருந்தது. அந்த முட்டியோடு அவள் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடியிருந்தால் குருத்தெலும்பும் போயிருக்கும்.

அவளுக்கு நாங்கள் சொன்ன பதில் 'இல்லை' அல்ல, 'இப்போது இல்லை' என்பதுதான். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிய கிளப்புகள் நன்றாக அறிந்திருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் டச்சு முன்கள ஆட்டக்காரர் ரூட் வான் நிஸ்டல்ராயை வாங்க மான்செஸ்டர் யுனைடெட் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. மருத்துவச் சோதனையில் முட்டியைப் பற்றி ஐயம் எழ, பேச்சு நின்றது. சில நாள்களில் பயிற்சியின்போது அதே முட்டியின் நார் கிழிந்தது. கிளப் அவரை மறந்துவிடவில்லை. ஓர் ஆண்டு பொறுத்து, 2001-இல் வாங்கியது. அவர் அந்த அணிக்காக 219 ஆட்டங்களில் 150 கோல் அடித்தார். மருத்துவச் சோதனையை மதித்ததும் சரி, ஆட்டக்காரரின் திறமையைப் பற்றிய பழைய முடிவை அந்தச் சோதனையால் மாற்றிக்கொள்ளாததும் சரி.

அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பி வருகிறவரை எப்போது சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. ஒன்பது மாதத்துக்கு முன் முழு ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுகாயத்தின் ஆபத்து வெகுவாக உயர்கிறது. 25 வயதுக்குட்பட்டு மறுபடி விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தக் காலிலோ மற்றக் காலிலோ மீண்டும் நார் அறுகிறது. ஆகவே நாள்காட்டியை மட்டும் பார்க்காமல் காலையும் பார்க்க வேண்டும். ஒற்றைக்காலில் தாவச் சொல்லி இரண்டு பக்கத் தூரத்தையும் அளந்தால், காயம்பட்ட கால் மற்றதன் அளவில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இதற்குத் தேவை ஓர் அளவு நாடாவும் சுண்ணாம்புக் கோடும்தான். அதோடு, ஃபிஃபா வகுத்த '11 பிளஸ்' என்ற 20 நிமிடத் தயாரிப்புப் பயிற்சியை வாரம் இரண்டு முறையாவது செய்த இளம்பெண்கள் அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. எங்கள் பக்கத்து மைதானங்களில் இதை ஒழுங்காகச் செய்கிறவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். செய்யாமலிருந்துவிட்டுப் பிள்ளையின் முட்டியைக் குறை சொல்கிறோம்.

மூன்றாவது கேள்வி குணத்தைப் பற்றியது, இதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். காயத்துக்கு ஸ்கேன் உண்டு, குணத்துக்கு இல்லை. அந்த வெற்றிடத்தைக் கேள்விப்பட்டவை நிரப்பிவிடுகின்றன. யாரோ ஒருவர், பெரும்பாலும் எதிரணிப் பள்ளியைச் சேர்ந்தவர், டீக்கடையில் சொன்ன ஒரு வாக்கியம் முகாம் தாளில் ஏறிவிடும். கடற்கரைக் குப்பங்களிலிருந்து வரும் பையன்களுக்கு 'முரடு' என்ற பட்டம் அவர்கள் மைதானத்துக்குள் கால் வைக்கும் முன்பே தயாராக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் 'ஒழுக்கம்' என்ற சொல் ஆட்டத்தோடு தொடர்பே இல்லாத எதை எதையோ குறிக்கப் பயன்படுகிறது. அப்படிப்பட்ட பேச்சைத் தேர்வு மேசையிலேயே நிறுத்திவிடுவது குழுத் தலைவரின் கடமை.

குணம் என்று எழுதும் முன் நடத்தை என்னவென்று கேட்க வேண்டும். என்ன நடந்தது, எத்தனை முறை, யார் நேரில் பார்த்தது, அந்த நாள்களில் வீட்டில் என்ன நிலை, சுட்டிக்காட்டிய பிறகு மாறியதா என்று கேட்டால், 'திமிர்' என்ற சொல் ஒன்று உருப்படியான தகவலாக மாறும் அல்லது காற்றில் கரைந்துவிடும். முதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவனைப் பற்றி 'பொறுப்பில்லை, தினமும் தாமதம்' என்று எழுதியிருந்தது. பயிற்சி காலை ஆறு மணிக்கு. அவன் ஆறரைக்கு வருவான், சில நாள் ஏழுக்கு, காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். வருகைப் பதிவேட்டை நான் முழுவதும் புரட்டிப் பார்த்தது தற்செயலாகத்தான். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை அவன் ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது கடலூரில் குழந்தைக்கும் தெரியும். மற்ற நாள்களில் விடியும் முன் விசைப்படகுகள் வந்ததும் அவன் அம்மாவோடு ஏலத்துக்குப் போய், ஐஸ் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து மைதானத்துக்கு ஓடிவந்திருக்கிறான். படகு கரையில் நின்ற இரண்டு மாதமும் முதல் ஆளாக வந்து கோல் வலையைக் கட்டியவன் அவனே. அவனை அணியில் சேர்த்ததோடு, அவனுக்காக வார நாள் பயிற்சியை மாலைக்கு மாற்றினோம்.

எல்லாத் தாமதமும் தடைக்காலத்தோடு மறைந்துவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. தன்னைவிடச் சிறியவர்களை அடிக்கிறவன், சக ஆட்டக்காரனின் பணத்தை எடுக்கிறவன், சொல்லச் சொல்லத் திரும்பச் செய்கிறவன் என்று உண்மையிலேயே தயங்க வேண்டிய பிள்ளைகளும் வருகிறார்கள். விளையாட்டு விடுதியில் இருபது பேரோடு தூங்கப் போகிறவன் என்றால், மற்ற பத்தொன்பது பேரின் பாதுகாப்பும் நம் பொறுப்புதான். அங்கே திறமை மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தாலும் அது அந்தக் குறையை ஈடு செய்யாது.

இந்தக் கணக்கை வெளிப்படையாக, ஊரறியப் போடும் இடம் அமெரிக்கா. அங்கே கால்பந்து என்று சொல்வது நம் ஆட்டம் அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம். ஆனால் அவர்களுடைய தேர்வு முறை நமக்குப் பாடம் ஆகும். அங்குள்ள என்.எஃப்.எல். லீக்கின் 32 அணிகளும் ஆண்டுதோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளில் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்கு முன் இண்டியானாபொலிஸ் நகரில் முன்னணி ஆட்டக்காரர்களைக் கூட்டி ஓடவிட்டு, மருத்துவச் சோதனை செய்து, நேர்காணல் நடத்துகிறார்கள். காயமோ குணமோ பற்றிச் சந்தேகம் இருந்தால் ஆட்டக்காரர் பட்டியலில் கீழே இறங்குவார். அதாவது சந்தேகத்தின் விலை அங்கே எண்ணாகத் தெரியும்.

2010-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி ஒரே இடத்தில் ஆடும் இருவரைத் தேர்ந்தெடுத்தது. ராப் கிரான்கௌஸ்கி முதுகு அறுவைச் சிகிச்சையால் முந்தைய பருவம் முழுவதும் ஆடாதவர். 42-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஆரோன் ஹெர்னாண்டஸ் நடத்தை பற்றிய கவலைகளால் நான்காம் சுற்றுவரை இறங்கி 113-ஆவது ஆளாக வந்தார். இருவரும் வந்த வேகத்தில் அசத்தினார்கள். கிரான்கௌஸ்கி, சூப்பர் பௌல் என்ற லீக் இறுதி ஆட்டத்தில் வென்ற நான்கு பட்டங்களோடு அந்த இடத்தில் ஆடியவர்களுள் மிகச் சிறந்தவர் என்று பெயரெடுத்தார். ஹெர்னாண்டஸ் மூன்று பருவம் ஆடியபின் 2013-இல் கைதாகி, 2015-இல் கொலை வழக்கில் தண்டனை பெற்றார். காயத்தை மன்னிக்கலாம், குணத்தை மன்னிக்கக் கூடாது என்று இதைப் படித்து முடிவுக்கு வருகிறவர்கள் ராண்டி மாஸைப் பார்க்க வேண்டும். பள்ளிக் காலச் சண்டை வழக்கும் போதைப் பொருள் சிக்கலும் இருந்ததால் 1998-இல் பல அணிகள் அவரைக் கடந்துபோயின. 21-ஆவது ஆளாக மின்னசோட்டா அணி எடுத்தது. முதல் ஆண்டிலேயே 17 டச்டவுன் (நம் ஆட்டத்தின் கோல்போல, எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) பந்துகளைப் பிடித்து புதியவர்களுக்கான சாதனை படைத்த அவர், 2018-இல் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். காயத்திலும் இதே இருபுறக் கதைதான். கல்லூரியில் முட்டி சிதைந்த மார்கஸ் லாட்டிமோரை 2013-இல் நான்காம் சுற்றில் எடுத்த சான் பிரான்சிஸ்கோ அணிக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆட முடியாமல் 2014-இல் ஓய்வு பெற்றார்.

அந்த அணிகளின் வழியில் நான் எடுத்துக்கொள்வது, அவர்கள் கேட்கும் மற்றொரு கேள்வியை: தவறினால் நாம் இழப்பது எவ்வளவு? முதல் சுற்றில் செய்யத் துணியாததை நான்காம் சுற்றில் துணிகிறார்கள், ஏனென்றால் அங்கே போகும் முதலீடு குறைவு. நமக்கும் இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை நட்பு ஆட்டத்துக்கு யாரையும் இறக்கிப் பார்க்கலாம், காயம் இருந்தால் மட்டும் கூடாது. இரண்டு வார முகாமுக்கு நடத்தையில் ஐயம் உள்ளவனைக் கட்டாயம் கூப்பிட வேண்டும், ஏனென்றால் அந்த இரண்டு வாரம்தான் அவனுக்கான ஸ்கேன். நான்கு ஆண்டு விடுதி இடம் என்றால், ஒருவருக்குக் கொடுப்பது இன்னொருவருக்கு மறுப்பதாகும். அங்கே காயத்துக்கு மருத்துவரின் சீட்டும், நடத்தைக்கு நேரில் பார்த்த இருவரின் பெயரும் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தச் சீட்டும் பெயர்களும் குழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணின் அறுவைச் சிகிச்சை விவரம் வாட்ஸ்அப் குழுவில் சுற்ற வேண்டியதில்லை.

ஆகவே குறிப்புக் கட்டத்தில் இரண்டு சொல்லுக்குப் பதிலாக ஒரு வாக்கியம் எழுதப் பழகலாம். குறிஞ்சிப்பாடிப் பெண்ணுக்கு நான் எழுதியது இது: 'வலது முட்டி, மூன்று மாதத்துக்கு முன் அடி, சத்தமும் அன்றே வீக்கமும், ஸ்கேன் எடுக்கவில்லை, தாவி இறங்கும்போது வலது காலைத் தவிர்க்கிறாள், ஆட்ட மதிப்பெண் மாற்றமில்லை, மருத்துவர் பார்த்தபின் அடுத்த முகாமில் மறுபடி.' அடுத்த முகாமுக்கு, அறுவைச் சிகிச்சை முடிந்து பதினோராம் மாதத்தில், அவள் வந்தாள். சுண்ணாம்புக் கோட்டில் நின்று முதலில் வலது காலால்தான் தாவினாள்.